ஐப்பசியில் ஏறாத கதவு

அகமது கபீர் இருபத்து மூன்று வருஷம் ஷார்ஜாவில் கதவு மாட்டினார். காருக்குள் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானை அமுக்கினால் பணிவாக மேலே ஏறிக்கொள்ளுமே, கார் கொட்டகைக் கதவு, அதுதான் அவர் தொழில். அரபிகள் வீட்டில் மாட்டியிருக்கிறார், எகிப்துக்காரர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறார், ஒருமுறை ஒட்டகத்துக்கென்றே கட்டிய கொட்டகையிலும் மாட்டியிருக்கிறார். கதவு ஏறியதும் வெளியே வந்த அந்த ஒட்டகம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'உன் வீட்டில் இப்படி ஒன்று உண்டா?' என்று கேட்டதுபோல இருந்ததாம். ஊர் திரும்பியபின் இதைப் பலரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கீழக்கரையில் எல்லா வீட்டிலும் கல்ஃப் கதை உண்டு. எல்லாவற்றிலும் ஒரு ஒட்டகமும் உண்டு.

அவருக்குச் சொந்தமாக வீடு கிடையாது. அந்த ஊரில் ஆண்களுக்கு வீடு கிடையாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார், வீடு பெண்ணுடையது. கபீரின் மனைவி ஜுனைதாவுக்கு அந்த வீட்டை அவள் உம்மா எழுதிக் கொடுத்தாள். ஜுனைதா அதை மகள் ஹாஃபிஸாவின் கல்யாணத்தில் மகளுக்கு எழுதிக் கொடுத்தாள். இரண்டு பத்திரங்களுக்கும் நடுவில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவில் வந்து போன விருந்தாளி கபீர். பதினாறு வயதில் சென்னை மண்ணடியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர், அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ஷார்ஜா. லீவு எப்போதும் மே மாதம்தான். மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, மாம்பழம் கிடைக்கும்.

அறுபது வயதானதும் கம்பெனி ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தது. மதுரை விமான நிலையத்துக்கு ஹாஃபிஸா மட்டும் வந்திருந்தாள். கார் பரமக்குடியைத் தாண்டிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வீடியோவில் பேசும்போது போனை உயரத் தூக்கிப் பிடித்து முகத்தை மட்டும் காட்டுவாளே, ஏன் முகம் உப்பலாக இருக்கிறதென்று கேட்டால் சதை போட்டுவிட்டேன் என்பாளே, அது சதை இல்லை. தண்ணீர்.

செவ்வாயும் வெள்ளியும் ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ். காலை ஆறரைக்கு நாற்காலி. ஏழு மணிக்கு மேல் போனால் அந்த நாற்காலியில் வேறொருவர் சாய்ந்திருப்பார். அவரும் இதே நோயாளி, எழுப்பிவிட முடியாது. வீட்டில் உப்பு நின்றது. உப்புச் சாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள் ஜுனைதா. கபீரும் உப்பில்லாமல் சாப்பிட்டார். ஷார்ஜா அறையில் மலையாளி சமைத்ததைத் தின்று பழகியவருக்கு இது ஒன்றும் பெரிய தியாகமில்லை என்று சொல்லிக்கொண்டார்.

பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, ஜுனைதா சாய்ந்துகொள்ள முன்சீட்டை மாற்றியமைத்தார். வீட்டை ஒட்டி, அவள் வாப்பா காலத்தில் சங்கு சேர்த்து வைத்த கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. வேன் அதற்குள் நின்றது. கிட்டங்கிக்கு இரண்டு பாகக் கதவு, பாகத்துக்கு ஒரு யானைக் கனம். கீல் துருவேறித் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு கிடந்தது. கபீரின் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டியது எதுவோ ஷார்ஜாவிலேயே தேய்ந்துவிட்டிருந்தது. ஒரு பாகத்தைத் திறப்பார், நிமிர்வார், யா அல்லாஹ் என்பார், மறுபாகத்துக்குப் போவார். இப்படியே இரண்டு முறை நாற்காலி கைவிட்டுப் போனது.

சென்னையிலிருந்து ஹாஃபிஸா போனில் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார்கள்.

"வாப்பா, இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா நான் வந்து உம்மாவக் கூட்டிட்டு வந்துருவேன். எங்க ஃப்ளாட்டுலருந்து ஆஸ்பத்திரி அஞ்சு நிமிசம். கோவப்படாதீங்க."

"நான் எங்கனயும் வரல" என்றாள் ஜுனைதா போனைப் பார்த்து. "இந்த வாசப்படியத் தாண்டி நான் வெளிய தங்குனது ஒன்னயப் பெத்த மூணு நாளுதான். அதுக்கே ஒங்க உம்மம்மா திட்டுனா."

போனை வைத்தபின் கணவரிடம் சொன்னாள். "மச்சான், வண்டிய பள்ளிவாசல் பக்கம் வெளிய நிப்பாட்டிருங்களேன். கதவே வேண்டாம்ல?"

"கடக்காத்து, புள்ள. ஆறு மாசத்துல துரு தின்னுரும்."

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. இருபத்து மூன்று வருஷம் ஊரான் வீட்டுக்கெல்லாம் மாட்டியவர், தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, தன் மனைவி வண்டிக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கக் கதவு ஏறுவதைப் பார்க்க ஆசைப்பட்டார். இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. துரு என்று சொல்வது சுலபம்.

திருப்புல்லாணிப் பக்கத்துக் கிராமத்தான் அருள்முருகன், பஸ் ஸ்டாண்டு ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கபீர் படத்தை விரித்ததும் அவன் தலையைச் சொறிந்தான். ஒன்பதடிக்கு எட்டடி, ஒரே தகடு, இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் நேராக மேலே ஏற வேண்டும்.

"கதவு என்னா எடை வரும் பாய்?"

"நூத்தி எழுவது கிலோ."

"அம்புட்டையும் மோட்டார் தூக்குமா?"

"மோட்டார் தூக்காது அருளு. கதவுல கம்பிக்கயித்தக் கட்டி, கப்பி மேல விட்டு, மறுபக்கம் அதே அளவு எடைய தொங்க விடணும். எடை எறங்குனா கதவு ஏறும். மோட்டார் சும்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகும், அவ்வளவுதான்."

"அட, எங்க அய்யா கெணத்துல ஏத்தம் எறச்ச கதை. இத ஷார்ஜா போய்த்தான் படிச்சீகளாக்கும்?"

ஷார்ஜாவில் எடையே கிடையாது, சுருள்வில் உண்டு, அதைக் கம்பெனியே அனுப்பும் என்பதைக் கபீர் சொல்லவில்லை. தொண்டிப் பக்கம் மூடிப்போன இறால் பண்ணையில், குளத்துத் தண்ணீரைக் கலக்கும் சக்கரத்தின் மோட்டாரைக் கியர்ப் பெட்டியோடு பிடித்து வந்தார்கள். இழுக்க ஒரு மோட்டார் சைக்கிள் செயின். ரிமோட் தபாலில் வந்தது. கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டர். நம்மூரைப் பற்றி யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை என்று கபீருக்குத் தன்னைப் பற்றி ஒரு மரியாதைகூட வந்தது.

எடைக்கு என்ன போடுவது என்பதில்தான் இழுபறி.

"மணலு?" என்றான் அருள்முருகன்.

"மணல அள்ளுனா என்னய அள்ளிட்டுப் போயிருவாங்க."

"காங்கிரீட்டு ஊத்திருவோம்."

"ஊத்துனா ஊத்துனதுதான். கூட்டிக் கொறைக்க முடியாது. ரெண்டு பக்கமும் கிலோ கணக்குல சரிபாக்கணும், இல்லாட்டி கதவு கோணிக்கும்."

அந்த நேரம் பார்த்து, வாலிநோக்கத்திலிருந்து வந்த உப்பு லாரி ஒன்று பட்டறை வாசலில் பஞ்சராகி நின்றது. கபீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லுப்பு" என்றார். "சாக்குல கெட்டி, ஒரு குத்து அள்ளிப் போடலாம், ஒரு குத்து எடுக்கலாம். கொள்ள மலிவு."

"உப்பா?" அருள்முருகன் யோசித்தான். "நான் வயக்காட்டு ஆளு. கடக்கரைக்காரவுக நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கதவின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு இரண்டு தகரப் பெட்டிகள். அவற்றுக்குள் உப்புச் சாக்குகள். பச்சைப் பெயின்ட் அடித்து மூடியாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று கபீர் ஜுனைதாவிடம் சொல்லவில்லை. உப்பு என்ற சொல்லே அந்த வீட்டில் யாரும் எடுக்காத சொல்லாக இருந்தது. அவர் தன் பங்குக்கு அதைத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜுனைதா வண்டிக்குள்ளிருந்து பொத்தானை அமுக்கினாள். மோட்டார் தொண்டையைக் கனைத்தது. கதவு ஏறியது. ஷார்ஜாக் கதவுபோல வழுக்கிக்கொண்டு போகவில்லை. மாடிப்படி ஏறுகிற வயசாளிபோல ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டு ஏறியது. ஆனால் ஏறியது. பக்கத்து வீட்டு ஜுமானா முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"லாத்தா, கல்யாணப் பொண்ணு தலைய நிமித்துற மாதிரில இருக்கு!"

"மெதுவாத்தான் நிமித்தும்" என்றாள் ஜுனைதா. "அதுவும் எவ்வளவு நாளு குனிஞ்சு கெடந்துச்சோ."

கபீர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தூசி. புதுப் பெயின்ட் அடித்த இடத்தில் தூசி வரக் கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் வந்திருந்தது.

ஏழு வாரம் ஒருநாள்கூடத் தப்பவில்லை. ஆறு இருபதுக்கே ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றுவிடும். நர்ஸ் நாகலெட்சுமி, "பாயம்மாவ வச்சுத்தான் நாங்க கடிகாரம் திருத்துறோம்" என்றாள். ஒவ்வொரு தடவையும் முதலில் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கு இரண்டரைக் கிலோ கூடியிருந்தால், இரண்டரைக் கிலோ தண்ணீரை இறக்க வேண்டும். கூடியதை எடுத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு கபீருக்குப் பிடித்திருந்தது. அவர் வாழ்க்கையில் படித்த ஒரே கணக்கும் அதுதான்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்தது, பெய்யாத நேரத்திலும் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. கதவு ஏறும்போது முனக ஆரம்பித்தது. கபீர் கிரீஸ் போட்டார். மறுவாரம் பாதியில் நின்றது. மோட்டாருக்குப் பாரம் கூடினால் தானாக அணைத்துவிடுகிற பெட்டி அணைத்திருந்தது. அவர் அதன் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஷார்ஜாவில் ஒரு ஹெல்பர் இதைச் செய்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பார். இங்கே ஹெல்பரும் அவரே, மேஸ்திரியும் அவரே. யார் யாரை அறைவது?

தகரப் பெட்டிகளுக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. ஓடு ஒழுகுகிறது என்று ஆள் வைத்துத் தார்ப்பாய் விரித்தார். ஈரம் நிற்கவில்லை. ஓட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவுகட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, ஜுனைதாவைக் கைத்தாங்கலாக வேனில் உட்கார வைத்தார். முந்தின நாளிலிருந்தே அவளுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியது. பொத்தானை அமுக்கினாள். கதவு இரண்டடி ஏறியது. ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் ஏற மறுத்தது. கோணிக்கொண்டு தண்டவாளத்தில் கடித்து நின்றது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. கருகிய வாடை வந்தது, புகை வந்தது, பிறகு சத்தமும் ஓய்ந்துவிட்டது. வெளியே மழை கொட்டியது.

"மச்சான், ஒரு ஆட்டோவக் கூப்புடுங்க. வீட்டு வழியா வெளிய போயிருவோம்."

"இரு புள்ள, ரெண்டு நிமிசம்."

ஆயுளில் அவர் சொன்ன பொய்களில் பெரியது அந்த இரண்டு நிமிஷம். செயினைக் கழற்றினார். தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டினார். கம்பியை விட்டு நெம்பினார். கதவின் அடியில் குந்தி உட்கார்ந்து முதுகைக் கொடுத்தார். நூற்றெழுபது கிலோவை அவர் முதுகு விசாரித்தது, அவ்வளவுதான். வேனுக்குள்ளிருந்து, "மச்சான், வேணாம்" என்று ஒரு குரல் கேட்டது. இன்னொரு தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை, மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தபோது மணி ஆறு ஐம்பது.

ஜுமானாதான் தெருவில் இறங்கிக் கத்தினாள். பள்ளிவாசலில் ஓதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து கதவைத் தூக்கிப் பிடிக்க, கபீர் அதன் அடியில் வேனை ஓட்டிக்கொண்டு போனார். இன்னொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் வண்டிக்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. நாகலெட்சுமி கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஜுனைதாவின் மூக்கில் ஆக்சிஜனை மாட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நுரையீரலில் நீர் ஏறியிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு நாற்காலி காலியானது. அதுவரை கபீர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னவர்களிடம் முதுகு வலிக்கிறது என்றார்.

மறுநாள் காலை ரயிலில் ஹாஃபிஸா வந்தாள். வாப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸும் முடிந்து வாடகைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிட்டங்கி வழியாகத்தான் உள்ளே போனார்கள். கதவு அரைகுறையாக முட்டுக்கம்பில் நின்றது. ஜுனைதா மகளின் தோளைப் பிடித்து நடந்து வந்தவள், பச்சைப் பெட்டியின் அடியில் ஈரத்தைப் பார்த்து நின்றாள். ஈரம் காய்ந்த ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மச்சான், இதுக்குள்ள என்னத்தப் போட்டீக?"

கபீர் பெட்டியருகே குனிந்தார். தகரத்தைக் கழற்றினார். உள்ளே சாக்குகள் பாதிக்குப் பாதி இளைத்துத் தொய்ந்து போயிருந்தன. கம்பிக்கயிறு முழுக்கத் துரு. நூற்றெழுபது கிலோ உப்பில் பாதியை மழைக்காலம் குடித்துவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது.

"கல்லுப்பு" என்றார் கபீர்.

ஜுனைதா அந்தச் சாக்குகளைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஐப்பசி வந்தா உப்புச் சாடி கசியும். அடியில ஒரு தட்டு வைக்கணும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணிய ஊத்தணும். வருசா வருசம் வச்சேன். நீங்க எந்த ஐப்பசியில இந்த வீட்டுல இருந்தீக, பாக்குறதுக்கு?"

கபீர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோரு மே மாதங்கள் வந்தன. ஓர் ஐப்பசிகூட வரவில்லை. இந்த வீடு அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாரே, அது மாம்பழக் காலத்து வீடு. மழைக்காலத்து வீடு ஒன்று இருந்திருக்கிறது. அதில் ஓடு ஒழுகியிருக்கும், உப்பு கசிந்திருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும், ஒருத்தி தட்டு வைத்துத் தட்டு வைத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அந்த வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாக வந்ததேயில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"உப்புன்னு ஒங்கிட்ட எப்புடிச் சொல்றது?"

ஜுனைதா சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. மகள் முதுகைத் தடவிவிட்டாள்.

"ஹாஃபிஸா, எனக்கு டிக்கெட்டு போடு."

கபீர் நிமிர்ந்தார். "நான் காங்கிரீட்டு ஊத்திடுறேன். அருளக் கூப்புட்டு நாளைக்கே... வண்டிய வெளியவே நிப்பாட்டிடுறேன், புள்ள. துரு புடிச்சாப் புடிச்சுட்டுப் போகுது."

"கதவுக்காகப் போகல மச்சான். அன்னைக்கு நீங்க அதுக்கடியில குந்திக்கிட்டு முதுகக் குடுத்தீகளே, நான் வண்டிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு தடவ வேணாம்னேன், அப்புறம் சத்தம் வரல. கதவு ஒங்க மேல விழுந்தாலும் நான் அப்புடியே உக்காந்துதான் பாக்கணும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அது எனக்கு முடியாது. இங்கன இருக்கணும்னு ஆசைதான். அதுக்கு இவ்வளவு வேணாம்."

ஹாஃபிஸா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வாப்பா, நீங்களும் வரலாம். மாமி ஒரு ரூம்ல இருக்காங்க. உம்மாவுக்கு எங்க ரூம். ஒங்களுக்கு... ஹால்லதான்."

மகள் வீட்டில் மாமனார் போய்த் தங்குவதை ஊரில் யாரும் மெச்ச மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க மாமியார் வீட்டு விருந்தாளியாக இருந்தவர், இனி மருமகன் வாடகை கட்டுகிற ஹாலில் விருந்தாளி. அதில் அவருக்கு அனுபவம் உண்டு. ஷார்ஜாவில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்திருக்கிறார். ஹாலில் தனியாகப் படுப்பது பதவி உயர்வுதான் என்றார். ஹாஃபிஸா சிரிக்கவில்லை. ஒட்டகக் கதைக்கும் அவள் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸைச் சென்னையில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். வியாழக்கிழமை சாயந்தர ரயில். உம்மாவுக்கும் மகளுக்கும் படுக்கை கிடைத்துவிட்டது. கபீர் கடைசியில் சேர்ந்த ஆள். அவருக்கு வேறொரு பெட்டியில் பாதி இருக்கை, அதுவும் முன்பின் தெரியாத ஒருவரோடு பங்கு. ஊரை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அவருக்கு நல்ல டிக்கெட் கிடைத்ததில்லை.

ராமநாதபுரத்தில் வண்டி நகர்ந்ததும் தன் பெட்டியை விட்டு இவர்கள் இருந்த பெட்டிக்கு வந்தார். ஜுனைதா கீழ்ப்படுக்கையில் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். மகள் மேலே ஏறிக்கொண்டிருந்தாள். கபீர் மனைவியின் கால்மாட்டில், ஒரு சாண் இடத்தில் ஒட்டிக்கொண்டார். வெளியே வயலெல்லாம் தண்ணீராகக் கிடந்தது.

"ஒங்க எடத்துக்குப் போங்க மச்சான். டிக்கெட்டு பாக்குறவரு வருவாரு."

"வரட்டும்."

அவள் காலை மடக்கி இடம் விடப் பார்த்தாள். மடங்கவில்லை. கபீர் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கனமாக இருந்தன. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அமுக்கினார். நீர் எவ்வளவு கோத்திருக்கிறதென்று டாக்டர் அப்படித்தான் பார்த்தார். விரலை எடுத்தபோது அங்கே ஒரு குழி விழுந்திருந்தது.

அது மேலே ஏறி வரட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பரமக்குடி வந்தது. குழி இன்னும் முழுசாகத் தூரவில்லை.